தேமல்தான் என்று அனுப்பிவைக்கும் முன்

குழந்தை நல மருத்துவர்களுக்கும் தோல் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் மகளுக்கு இப்போது 11 வயது. 7 வயதில் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இடுப்பில் காசளவுக்கு ஒரு வெளுப்பைப் பார்த்தேன். வயிற்றில் பூச்சி இருக்கும் என்றார் மாமியார். பூச்சி மருந்து கொடுத்தேன். டாக்டர் தேமல் என்று ஆயின்மென்ட் எழுதினார். தடவினோம். ஆறு மாதத்தில் தொடையிலும் பிட்டத்திலுமாகப் பத்துப் பன்னிரண்டு ஆகிவிட்டது.

இன்னொரு டாக்டருக்குத் தொழுநோயோ என்று சந்தேகம். அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வெளுப்பையும் பஞ்சால் தொட்டார். அவளும் "இங்க, இங்க" என்று ஒன்று விடாமல் விரல் வைத்துக் காட்டினாள். உணர்ச்சி இருக்கிறது, பயமில்லை என்றார். அப்புறம் வேறொருவர் வெண்புள்ளி என்றார். இப்படியே மூன்று வருடம் ஓடியது. போன இடங்களில் பாதிப் பேர் அவள் கையையும் காலையும் மட்டும்தான் பார்த்தார்கள். வெளுப்போ வெயில் படாத இடத்தில் இருந்தது.

கடைசியில் ஒருவர் தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதிக்கும் பயாப்சி எடுத்தார். வெறும் எக்ஸிமா என்று ரிப்போர்ட் வந்தது. அவர் அதோடு விடவில்லை. ஸ்டீராய்டு ஆயின்மென்டைச் சில வாரம் நிறுத்தச் சொல்லி, இரண்டு இடத்தில் மறுபடி எடுத்தார். அப்போதுதான் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று தெரிந்தது. தோலில் வரும் லிம்போமா, அதாவது ஒரு வகை வெள்ளணுக்களில் தொடங்கும் புற்றுநோய். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த இடத்தில் 'கேன்சர்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன். பெயரில் பூஞ்சை இருக்கிறது, நோயில் பூஞ்சை இல்லை. 1806இல் பாரிஸில் அலிபேர் என்ற மருத்துவர் விவரித்த நோயாளிக்குக் காளான் போன்ற கட்டிகள் இருந்தனவாம், அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். போன் காட்டியதெல்லாம் அப்படி முற்றிப்போன பெரியவர்களின் படங்கள். என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையையும் அந்தப் படங்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

குழந்தைகளுக்கு வரும் தோல் லிம்போமாக்களில் இதுதான் அதிகம் என்பதும், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இது வெளுப்பாகவே வருவதுண்டு என்பதும், பெரும்பாலும் தோலைத் தாண்டாமல் மெதுவாகவே போகும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவளுக்குக் கீமோ தேவைப்படவில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒரு பெட்டிக்குள் நிற்கவைத்துத் தோலில் புற ஊதா ஒளி படவைக்கும் லைட் ட்ரீட்மென்ட். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் நின்று சத்தமாக எண்ணுவாள். நிறம் திரும்பிவிட்டது. நிறுத்திய பிறகு இடுப்பில் ஒன்று மறுபடி எட்டிப் பார்த்தது, திரும்பவும் தொடங்கியிருக்கிறோம். பல வருடம் கண்காணிக்க வேண்டும் என்பதும் புரிகிறது.

அதே லிம்போமா என்ற பெயரில் எத்தனை விதம்! லிம்போமடாய்டு பாப்புலோசிஸ் வந்த பிள்ளைக்குச் சிவப்புக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, புண்ணாகி, சில வாரத்தில் தானாக ஆறிவிடும், பிறகு மீண்டும் வரும். மைக்ராஸ்கோப்பில் பயங்கரமாகத் தெரியும், ஆனால் பிள்ளை நன்றாக இருப்பான். எப்போதாவது வேறு லிம்போமா வரலாம் என்பதால்தான் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். தோலுக்கடியில் கொழுப்பில் கட்டிகட்டியாக, காய்ச்சலோடு வரும் வகையில் சில பிள்ளைகளுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கட்டுக்கடங்காமல் போய் உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதில் பலருக்குப் பிறவியிலேயே ஒரு ஜீன் மாற்றம் இருப்பதை 2018இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். தலையில் கட்டியாக வரும் லிம்போபிளாஸ்டிக் வகைக்கோ உடனே எலும்பு மஜ்ஜை வரை பார்த்துக் கீமோ தொடங்க வேண்டும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வீடுகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பயமுறுத்துவது நியாயமா?

உங்களிடம் வரும் கூட்டம் எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. பார்க்கிற தேமலில் பெரும்பாலானவை வெறும் தேமல்தான், அதுவும் சரி. ஆனால் மாதக்கணக்கில் ஆறாமல் பரவுகிற வெளுப்போடு ஒரு பிள்ளை வந்தால், திரையை இழுத்துவிட்டு உடம்பு முழுவதும், ஜட்டி மறைக்கும் இடம் வரை பாருங்கள். பயாப்சிக்குத் தயங்காதீர்கள். முதல் ரிப்போர்ட் நோயோடு பொருந்தவில்லை என்றால் மறுபடி எடுங்கள். பெயர் தெரிந்த அன்று, இது எந்த வகை, எப்படிப் போகும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பெற்றவர்களை உட்காரவைத்துத் தமிழில் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைத்திருந்தால் அன்று பஸ்ஸில் போனைத் திறந்திருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்