அந்த மூன்று புள்ளிகளையும் பாடத்தில் சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் அண்ணன் மகளுக்கு 13 வயது. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கையில் போனோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். பெயர் தெரியாத யாரோ ஒரு அக்கவுண்ட் தொடங்கி, அவள் வகுப்புப் பெண்களின் படங்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொருத்தியின் முகத்துக்கும் மார்க் கொடுத்திருந்தார்கள். அவளுடைய உயிர்த் தோழிக்குப் பத்துக்கு இரண்டு. கீழே இருந்த கமெண்ட்டுகளை என்னாலேயே படித்து முடிக்க முடியவில்லை.

"ரிப்போர்ட் பண்ணினியா?" என்று கேட்டேன்.

"பண்ணினா என் பேர் அவங்களுக்குப் போயிடும் அத்தை. அப்புறம் நான்தான் போட்டுக்கொடுத்தேன்னு ஸ்கூல் பூரா சொல்லுவாங்க."

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவள் பள்ளியில் இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு நடந்திருந்தது. முகம் தெரியாதவர்களோடு பேசாதே, பாஸ்வேர்டைக் கொடுக்காதே, படங்களைப் பகிராதே என்று எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் உறுதிமொழியும் எடுத்திருக்கிறார்கள். தப்பாக ஒன்று கண்ணில் பட்டால் எங்கே அழுத்த வேண்டும், அழுத்தினால் என்ன நடக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்த மடலை நான் எழுத அதுதான் காரணம்.

பிள்ளைகள் தயங்குவதில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே "கோள் சொல்லாதே" என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கினான் என்று வந்து சொன்ன குழந்தையை "போய் உட்கார்" என்று அனுப்பியிருக்கிறோம். அதே குழந்தை 13 வயதில் ரிப்போர்ட் பொத்தானைக் காட்டிக்கொடுக்கும் பொத்தானாகத்தான் பார்க்கும். அதனால் முதல் நாள் முதல் வரியாக இதைச் சொல்லுங்கள்: இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் போன்றவற்றில் ஒரு பதிவையோ ஆளையோ ரிப்போர்ட் செய்தால், செய்தது யார் என்று எதிராளிக்குச் சொல்வதில்லை. இதை நான் சொன்னபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். உடனே போனை என்னிடம் நீட்டினாள்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். படத்தின் மேல் மூலையில் இருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டதும் காரணங்களின் பட்டியல் வந்தது. அவள் விரல் நேராக "எனக்கு இது பிடிக்கவில்லை" என்ற வரிக்குப் போனது. பிள்ளைகளுக்கு அதுதான் நியாயமான பதிலாகத் தெரியும், உண்மையிலேயே பிடிக்கவில்லைதானே! ஆனால் அங்கே அந்த வரியைத் தொட்டால், பின்தொடர்வதை விட்டுவிடு, பிளாக் செய் என்ற யோசனைகள்தான் வரும். துன்புறுத்தல் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால்தான் புகாராகப் போய்ச் சேரும். சரியான காரணத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. மிரட்டல், வெறுப்புப் பேச்சு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது ஆகியவற்றை உதாரணங்களோடு வகுப்பில் பிரித்துக் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னதில் பொத்தான் மட்டும் போதாது. அந்த நண்பனோடு உடனே பேச வேண்டும், ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

மறுநாள் பதில் வந்தது: விதிமீறல் எதுவும் இல்லையாம். "பாத்தீங்களா, இதெல்லாம் வேஸ்ட்" என்றாள். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். முதல் பதிலோடு விஷயம் முடிவதில்லை, மறுபரிசீலனை கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் டிஜிட்டல் சேவைகள் சட்டம், புகார் கொடுத்தவருக்கு முடிவைத் தெரிவிக்கவும், அதை எதிர்த்து முறையிட வழி தரவும் தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. நாங்களும் மறுபரிசீலனை கேட்டோம். படத்தில் இருந்த தோழியும் "இது என் படம்" என்று தன் அக்கவுண்டிலிருந்து புகார் கொடுத்தாள். மூன்றாம் நாள் அந்தப் பக்கமே காணாமல் போனது. இன்னொன்று. நூறு பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தால்தான் தூக்குவார்கள் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். புகார்களின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதில்லை என்று ஃபேஸ்புக்கே சொல்லியிருக்கிறது. பிடிக்காத ஒருவரை விரட்ட எல்லோருமாகச் சேர்ந்து பொய்ப் புகார் கொடுப்பதும் ஒரு துன்புறுத்தல்தான். அதையும் சொல்லுங்கள்.

வரிசையும் முக்கியம். கோபத்தில் முதலில் பிளாக் செய்துவிட்டு, சாட்டையும் அழித்துவிட்டு, பிறகு ஆதாரத்தைத் தேடுகிறார்கள். லிங்க், அக்கவுண்டின் பெயர், தேதி, நேரம் இவற்றைக் குறித்துக்கொண்டு, ரிப்போர்ட் செய்த பிறகு பிளாக் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். 18 வயதுக்குக் கீழ் இருப்பவரின் அந்தரங்கப் படம் என்றால், ஆதாரத்துக்காகக்கூட எடுக்கக் கூடாது, யாருக்கும் அனுப்பக் கூடாது. பல நாடுகளில் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே குற்றம். ஆசிரியரே ஆனாலும் "எனக்கு ஃபார்வர்ட் பண்ணு" என்று கேட்காதீர்கள். தன் படத்தை வைத்து மிரட்டப்படும் பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 'டேக் இட் டவுன்' என்ற சேவையை நடத்துகிறது. இலவசம்தான், பெயர் சொல்லத் தேவையில்லை. படம் போனை விட்டு வெளியே போகாது. விரல் ரேகையைப் போல அந்தப் படத்துக்கு மட்டுமே உரிய ஒரு குறியீடு போனிலேயே உருவாகும், அது மட்டும் போகும். திட்டத்தில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க முடியும். 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு இது. அதைத் தாண்டியவர்களுக்கு 2021-ல் தொடங்கிய, இதே போன்ற 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை இருக்கிறது. மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்காதே, பதில் போடாதே, எங்களிடம் வா என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். தனியாக மாட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு பிள்ளையின் காதிலும் அது விழும்.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழு, 2021-ல் வெளியிட்ட 25-ஆம் பொதுக் கருத்துரையில், பிள்ளைகள் முறையிடும் வழிகள் இலவசமாக, பாதுகாப்பாக, ரகசியம் காப்பதாக, அவர்களுக்குப் புரிவதாக இருக்க வேண்டும் என்று அரசுகளைக் கேட்டிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு நம் பள்ளிகளும் வீடுகளும்தான் நினைவுக்கு வந்தன. ஏனென்றால் பிள்ளைகளுக்கு இருக்கும் பெரிய பயம் எதிராளியைப் பற்றியது இல்லை. "சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க" என்பதுதான். பெற்றோர் கூட்டத்தில் தயவுசெய்து இதைப் பேசுங்கள்: வந்து சொன்ன பிள்ளையிடமிருந்து போனைப் பறித்தால், அடுத்த முறை அது சொல்லாது.

சரி, நான் கேட்பது பருவத்துக்கு ஒரு பீரியட். ஒரு சோதனை அக்கவுண்டைத் திரையில் போட்டு, மூன்று புள்ளிகளில் தொடங்கி மறுபரிசீலனை வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். செய்து காட்ட ஆள் வேண்டுமென்றால், என் அண்ணன் மகள் வரத் தயார் என்கிறாள். அவள் தோழியும் கூட வருகிறாளாம்.

அன்புடன்,
ஒரு மாணவியின் அத்தை