நாகதம்பிரான் புற்றை இடிக்கும் பரிபாலன சபைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் ஆலய பரிபாலன சபையினர் அனைவருக்கும் வணக்கம்.

புற்றடிக் காணியில் வாகனத் தரிப்பிடம் அமைக்கும் விடயம் உங்களுக்குத் தெரியாததல்ல, தீர்மானித்தவர்களே நீங்கள்தான். ஆகவே கடந்த வெள்ளிக்கிழமை நடந்ததற்கு நேரே வருகிறேன்.

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் முதல் புற்றைக் கிளறியதும் ஒரு நாகம் வெளியே வந்தது. அதன் கண்கள் நீலம் பாய்ந்து வெளிறியிருந்தன. சட்டை கழற்றச் சில நாட்கள் இருக்கும்போது பாம்புக்குக் கண் அப்படித்தான் மங்கும். பார்வை குறைந்த அந்த நாட்களில்தான் அது பொந்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும். போக வழி தெரியாமல் உங்கள் புது மதிலோரமாக ஊர்ந்தது; ஏற முடியவில்லை. மூலையில் நின்று படமெடுத்தது. கிட்ட வராதே என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. ஒருவரையும் அது கொத்தவில்லை. பொல்லோடு நின்றவர்கள் அடித்தே முடித்தார்கள். பின்னேரம் நாகதம்பிரானின் ஐந்து தலை நாகச் சிலைக்குப் பாலபிஷேகம் வழமைபோல நடந்தது. பாலுக்கு ஒரு குறையும் இல்லை.

ஐயாமாரே, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் கதையைத் திருவிழாவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்பவர்கள் நீங்கள். அம்மனுக்குப் பூக்கொண்டு கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறிக்க, அது கல்லைச் சுற்றிக்கொண்டது. அவ்வழியே வந்த வணிகர் அதை விட்டுவிடும்படி கருடனிடம் மன்றாடினார். கோயில் கட்டித் தருவதென்றால் விடுகிறேன் என்றதாம் கருடன். பாம்பு பிழைக்கக் கோயில் எழுந்த மண் இது. இங்கே கோயில் வளரப் பாம்பு சாகிறது.

பழைய தோலை முழுதாகக் கழற்றிவிட்டு வெளிவருவதால்தான் நாகத்தைப் பற்றறுத்தலுக்கு அடையாளமாகக் கண்டார்கள். நஞ்சிருந்தும் முதலில் எச்சரிக்கும் நிதானத்தை அதனிடம் படிக்கலாம். புற்றில் கிடைக்கும் சட்டையைக் கண்ணில் ஒற்றும் ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாம்புக்குச் சட்டை கழற்ற நீங்கள் நாள் கொடுக்கவில்லை.

பிள்ளைகள் நடமாடும் இடமென்பீர்கள். நியாயம்தான். சுருட்டை, புடையன் போன்ற நஞ்சுப் பாம்புகளுக்குப் பயப்படாதவர் யார்? ஆனால் புற்றை இடித்தால் பாம்புகள் இல்லாமல் போகாது. அயல் வீட்டு விறகுக் குவியலுக்குள் போகும். ஊரில் பனையோலை வேலிகள் எல்லாம் மதிலாகிவிட்டன. பற்றை, வடலி என்று ஒதுங்க இருந்த இடமும் போயிற்று. எலி பெருகிவிட்டதென்று நெல் வைத்திருப்பவர்கள் புலம்புகிறார்கள். எலி பிடிக்கும் பாம்பை நாங்கள் அடித்துக் கொல்கிறோம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் வான்கள் வெயிலில் காயக்கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் பெரிய கவலை. கருவறைக்குள்ளேயே வானை விடச் சொல்லி அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்டாலும் கேட்பார்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான்: மிஞ்சியிருக்கும் புற்றையும் அதைச் சுற்றிய இரண்டு பரப்பு நிலத்துப் பற்றையையும் தொடாமல் விடுங்கள். தரிப்பிடத்துக்கு வெளிவீதிக்கு அப்பாலுள்ள வெறுங்காணி போதும். இனிப் பாம்பு கண்டால் பொல்லை எடுக்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அல்லது பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் யாரையாவது கூப்பிடுங்கள்.

திங்கட்கிழமை பெக்கோ மறுபடி வருமென்று கேள்வி. அதற்குமுன் சபையைக் கூட்டி, புற்றைத் தொடமாட்டோம் என்ற முடிவை அறிவித்தல் பலகையில் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உபயகாரரில் ஒருவன்