மீட்டர் காட்டிய 400 வோல்ட்

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக உனக்குப் பதில் எழுதாதது என் தவறுதான். இங்கே எல்லோரும் நலம். இப்போது எழுத வைத்தது, சென்ற வாரம் என் மேசைமேல் வெடித்த ஒரு மாஸ்ஃபெட் சுவிட்ச்.

நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி, மின்னழுத்தத்தையும் தானே உயர்த்தும் இஸட்-சோர்ஸ் இன்வெர்ட்டர் செய்யப்போகிறேன் என்றபோது நீ சிரித்தாய். இன்வெர்ட்டரின் சுவிட்சுப் பாலத்தில் ஒரே லெக்கின் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் சேர்ந்து ஆன் ஆனால் ஷார்ட் ஆகிக் குடி கெட்டது என்றே படித்து வளர்ந்த நமக்கு, அதை வேண்டுமென்றே செய்யும் சுற்று விபரீதமாகத்தான் தோன்றும். இரண்டும் ஒன்றாக ஆன் ஆகாமல் இடைவெளி விடும் டெட்-டைமைப் போதித்த வாத்தியார் கேட்டால் மயங்கியே விழுந்திருப்பார். ஆனால் ஃபாங் செங் பெங் 2002-இல் முன்வைத்த இந்த அமைப்பில், இரண்டு மின்தூண்டிகளும் குறுக்காக இணைத்த இரண்டு மின்தேக்கிகளும் இடையில் நிற்பதால், ஷூட்-த்ரூ எனப்படும் அந்த ஷார்ட் கணத்தில் உள்ளீட்டு டையோடு அடைபட, மின்தேக்கிகள் தூண்டிகளுக்கு ஆற்றலை ஊட்டுகின்றன. ஷார்ட் நீங்கியதும் அந்த ஆற்றல் உயர்ந்த மின்னழுத்தமாகப் பாலத்துக்கு வருகிறது.

நான் 200 வோல்ட் கொடுத்து, ஒரு சுழற்சியில் ஷூட்-த்ரூவுக்கான நேரப் பங்கை 0.25 என்று வைத்தேன். 1-லிருந்து அந்தப் பங்கின் இரு மடங்கைக் கழித்து, மீதியால் உள்ளீட்டை வகுத்தால் பாலத்தில் 400 வோல்ட் வரவேண்டும். மல்டிமீட்டரோ 300-லேயே நின்றது. இழப்பு அதிகம் போலும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். மூன்றில் ஒரு பங்கை எட்டியபோது மீட்டர் 400 காட்டியது. அடுத்த நொடியே ‘டப்’பென்று ஒரு சத்தம், பின்னாலேயே அந்தப் பழகிய நாற்றம்.

ஒவ்வொரு சுழற்சியிலும் ஷூட்-த்ரூ நேரத்தில் பாலத்தின் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்குகிறது; மீட்டர் காட்டியது சராசரியை, அதாவது மின்தேக்கியின் மின்னழுத்தத்தை. தொடக்கத்திலேயே உச்சம் சரியாக 400-தான் இருந்திருக்கிறது. நான் மீட்டரில் 400-ஐத் துரத்தியபோது உச்சம் 600 ஆகிவிட்டது. சுவிட்சின் தாங்குதிறனும் 600, அதன்மேல் இணைப்புக் கம்பிகளின் தூண்டல் கிளப்பிய துள்ளல் வேறு. அலைவடிவத்தைக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பை மாட்டச் சோம்பல்பட்ட பலன் இது. சிரித்துக்கொள்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. உள்ளீட்டை அணைத்துவிட்டு, கருகிய சுவிட்சைக் கழற்றக் கையை நீட்டியவன், ஏனோ ஒரு தடவை அளந்துவிடலாம் என்று நிறுத்தினேன். மின்தேக்கியில் அப்போதும் 300 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. மிச்ச மின்னூட்டத்தை வடிக்கும் மின்தடையை நான் மாட்டியிருக்கவே இல்லை. அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

சாதாரண பூஸ்ட் சுற்றை முன்னால் வைத்தால் போதும் என்ற உன் கட்சிக்கு ஒன்றை மட்டும் விட்டுத்தருகிறேன்: ஷூட்-த்ரூவை ஏற்ற ஏற்ற, வெளியீட்டு அலையை வடிவமைக்கும் மாடுலேஷனுக்கு இடம் குறைகிறது, சுவிட்சுகளின் சுமையோ கூடுகிறது. ஆனாலும் நான் விடுவதாக இல்லை. அடுத்து இதே சுற்றின் குவாசி-இஸட் வடிவம். அதில் உள்ளீட்டு மின்னோட்டம் விட்டுவிட்டு ஓடாது, ஒரு மின்தேக்கியின் சுமையும் குறையும். ஆஸிலாஸ்கோப்பில் மாட்டி அளக்க உன் டிஃபரென்ஷியல் ப்ரோபை ஒரு மாதத்துக்கு அனுப்பி வை.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழன்