கட்சிக் கணக்கை வெளியாள் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மகளிர் சுய உதவிக்குழுவில் பல வருடமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். சந்தாவில் 50 ரூபாய் குறைந்தால்கூட அதே கூட்டத்தில் கேள்வி வரும், தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பாயைச் சுருட்டுவோம்.

அரசியல் கட்சிகளுக்கு வருமான வரிச் சட்டத்தில் வரிவிலக்கு உண்டு. சரி, அதற்குக் கணக்கைத் தணிக்கை செய்யவேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது, ஆனால் அந்த ஆடிட்டரை நியமிப்பதே கட்சிதான். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் தேர்தல் ஆணையத்திடம் சொல்லவேண்டும். அதற்குக் கீழே எத்தனை பேர் கொடுத்ததாக எழுதினாலும் மக்களுக்குப் பெயர் தெரியாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் விலக்கு கிடையாது என்று 2017இல் மாற்றினார்கள், ஒரே ஆளின் பணத்தைப் பத்துப் பேர் பெயரில் பிரித்து எழுதினால் யார் போய்ப் பார்ப்பது?

பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குப் பணம் கொடுக்கும் தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்தப் பத்திரங்கள் வழியாக யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்பதே வெளியே வந்தது. அப்புறம் செலவு. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய் வரம்பு வைத்தவர்கள் கட்சிக்கு வரம்பே வைக்கவில்லை.

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அங்கீகரித்த ஆடிட்டர்கள்தான் கட்சிக் கணக்கைப் பார்க்கவேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2004லேயே கேட்டது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கப்போவது இதைத்தான்.

ஒரு வாசகி, திண்டுக்கல்