இரண்டு டெலிபிரிண்டர்கள் இருந்த அறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சீனாவுக்கு சின்ஹுவா, ரஷ்யாவுக்கு டாஸ் இருப்பதுபோல இந்தியாவுக்கும் அரசே நடத்தும் செய்தி நிறுவனம் ஒன்று வேண்டும், அப்போதுதான் உலகம் நம் பேச்சைக் கேட்கும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏறக்குறைய அப்படி ஒன்று நம்மிடமும் இருந்தது. அதன் பெயர் 'சமாச்சார்'. அது வந்தபோதும் போனபோதும் நான் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

1974இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். அறையின் மூலையில், கம்பி வழியாக வரும் செய்தியைத் தாளில் அடித்துத் தள்ளும் இரண்டு டெலிபிரிண்டர்கள், ஒன்று பி.டி.ஐ. செய்தி நிறுவனத்துடையது, இன்னொன்று யு.என்.ஐ. செய்தி நிறுவனத்துடையது. ராத்திரி முழுக்கக் கடகடவென்று ஓடும். பெரிய செய்தி என்றால் மணி அடிக்கும். தாளைக் கிழித்து, இங்கிலீஷில் இருப்பதைத் தமிழாக்கி, தலைப்புப் போட்டு அச்சுக்கோக்க அனுப்புவது என் வேலை. எங்கள் செய்தி ஆசிரியர் சொல்லித்தந்த முதல் பாடம், "ஒரு மிஷினை மட்டும் நம்பி எழுதாதே, பக்கத்து மிஷினையும் பார்" என்பதுதான். ரயில் விபத்து என்றால் ஒன்று 11 பேர் சாவு என்னும், மற்றது 17 என்னும். உடனே டிரங்க் கால் போட்டு அந்த ஊர் நிருபரை எழுப்புவோம். இரண்டும் ஒரே மாதிரி சொல்லியிருந்தால் அந்த போனை நாங்கள் தொட்டிருக்க மாட்டோம்.

நெருக்கடி நிலை வந்து ஏழு மாதம் கழித்து, 1976 பிப்ரவரியில், பி.டி.ஐ., யு.என்.ஐ., இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி ஆகிய நான்கையும் ஒன்றாக்கி 'சமாச்சார்' என்றார்கள். தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது ஜனவரி 31ஆம் தேதி. அதே நாட்களில்தான் இதுவும். அது அரசுத் துறை இல்லை, சங்கமாகப் பதிவான அமைப்பு என்று சிலர் சொல்வார்கள். காகிதத்தில் அப்படித்தான். ஆனால் நான்கும் எப்படி இணங்கின என்பதைப் பார்க்க வேண்டும். அவற்றுக்கு மிகப் பெரிய சந்தாதாரர் அகில இந்திய வானொலி. அந்தச் சந்தாப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. டெலிபிரிண்டர் கம்பிகளோ தபால் தந்தித் துறையின் கையில். வாடகை பாக்கியைக் காட்டி இணைப்பைத் துண்டிப்போம் என்று நெருக்கினார்கள். சம்பளம் போட வழியில்லாத நிர்வாகம் எத்தனை நாள் தாங்கும்? 1977 ஆகஸ்டில் ஜனதா அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஊடகங்களை நெருக்கடி நிலை அரசு எப்படியெல்லாம் வளைத்தது என்பதைப் பதிவு செய்திருக்கிறது. தணிக்கை அதிகாரியின் சிவப்பு மையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்த பில் பாக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் அதிகப் பயம் தருகிறது.

இதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒன்று உண்டு. பி.டி.ஐ. பிறந்தது டெல்லியில் அல்ல, நம் சென்னையில். 1947 ஆகஸ்ட் 27 அன்று அதைப் பதிவு செய்தபோது கையெழுத்திட்டவர்களில் 'இந்து' கஸ்தூரி சீனிவாசன், 'சுதேசமித்திரன்' சி.ஆர். சீனிவாசன், 'ஆனந்த விகடன்' எஸ்.எஸ். வாசன், 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' எஸ். சதானந்த் ஆகியோர் இருந்தார்கள். பிரிட்டிஷ் செய்தி நிறுவனமான ராய்ட்டரின் கையில் இருந்த அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவை வாங்கி, 1949 பிப்ரவரி 1 முதல் பத்திரிகைகளே கூட்டாக நடத்தத் தொடங்கின. வெள்ளைக்காரனிடமிருந்து மீட்டதை சர்க்காரிடம் கொடுக்கவில்லை அவர்கள். சதானந்த், பத்திரிகை நடத்த பிரிட்டிஷ் அரசு கேட்ட ஜாமீன் தொகைகளைக் கட்டிக் கட்டி நொந்தவர். அவருக்குத் தெரியாதா, சர்க்காரின் கை எவ்வளவு நீளும் என்று?

சின்ஹுவாவுக்கு வருகிறேன். 1931இல் செஞ்சீனச் செய்தி நிறுவனமாகத் தொடங்கி, 1937இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1976 ஜூலை 28 அன்று டாங்ஷான் நகரம் பூகம்பத்தில் தரைமட்டமானது. எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணிக்கையை சின்ஹுவா வெளியிட்டது 1979 நவம்பரில்: 2,42,000 பேர். மூன்று வருஷத்துக்கு மேல். செய்தி நிறுவனத்துக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தலைவர்கள் படிக்க ஒரு அறிக்கை, ஜனங்கள் படிக்க இன்னொன்று என்பதே அங்கே நடைமுறை. டாஸ் கதையும் அதுதான். 1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபில் வெடித்தது. 28ஆம் தேதி காலையில் ஸ்வீடனில் ஒரு அணுமின் நிலையத்தின் எச்சரிக்கைக் கருவி அலறிய பிறகு, அன்று இரவுதான் டாஸ் பேரில் நாலைந்து வரி வந்தது. மே 1ஆம் தேதி கீவ் நகரத்தில் பிள்ளைகள் கையில் கொடியோடு ஊர்வலம் போனார்கள். காற்றில் என்ன இருக்கிறது என்று அவர்களுடைய தாய்மாருக்கு யாரும் சொல்லவில்லை.

வாசகர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்து நாட்டுச் செய்திகூட லண்டன் வழியாக வந்து சேர்ந்த காலம் உண்டு. செய்திகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள அணிசேரா நாடுகள் அமைத்த செய்தித் தொகுப்பு அந்தக் குறையில் பிறந்ததுதான். அரசுப் பணம் பட்டாலே கெட்டுவிடும் என்றும் இல்லை. பிரான்சின் ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்துக்கு அந்நாட்டு அரசுதான் பெரிய வாடிக்கையாளர். ஆனால் 1957இல் இயற்றிய சட்டம் அதன் சுதந்திரத்துக்குக் காவல் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை.

இல்லாததன் விளைவை அண்மையிலும் பார்த்தோம். 2020 ஜூனில் சீனத் தூதரின் பேட்டியை பி.டி.ஐ. வெளியிட்டது. பி.டி.ஐ.யுடனான உறவை மறுபரிசீலனை செய்யப்போவதாக, வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியிடமிருந்து கடிதம் போனது. அக்டோபரில் பி.டி.ஐ., யு.என்.ஐ. இரண்டின் சந்தாவும் முடித்துக்கொள்ளப்பட்டது. எந்தச் செய்தி நிறுவனத்தை வாங்குவது என்பது வாங்குபவர் உரிமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1976ஐப் பார்த்தவனுக்கு அந்தக் கடிதம் வேறு மாதிரிதான் படும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1977இல் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தலைமையிலான குழு, சமாச்சாரைப் பிரித்து, இந்திய மொழிகளுக்கென்றே 'வார்த்தா' என்று தனி நிறுவனம் தொடங்கச் சொன்னது. அரசு அதை ஏற்காமல், 1978 ஏப்ரலில் பழையபடி நான்காகவே பிரித்துவிட்டது. பின்னால் 1982இல் யு.என்.ஐ.யும் 1986இல் பி.டி.ஐ.யும் இந்திச் சேவை தொடங்கின. நான் ஓய்வுபெற்ற நாள் வரை, கோவையில் நடந்ததைக்கூட டெல்லி வழியாக இங்கிலீஷில் வாங்கித் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். இன்று தமிழ் நாளிதழ்களுக்கு மாவட்டம்தோறும் நிருபர்கள் இருக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, 1947இல் அந்த ஆசிரியர்கள் செய்ததுபோலத் தமிழில் ஒரு கூட்டுச் செய்தி நிறுவனத்தை ஏன் தொடங்கக் கூடாது? எந்த ஒரு சந்தாதாரரின் பணமும் மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அதன் விதிகளிலேயே எழுதிவிடலாம். உங்கள் இதழ் இந்தப் பேச்சைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்,
திருச்சி