பத்து செத்த போர்டுகள் கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை நம் தொழிற்பயிற்சி நிலையத்தின் பின்வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றதும், கண்டம் செய்த (இனி உதவாது என்று கழித்துவிட்ட) கம்ப்யூட்டர்களை அதில் ஏற்றியதும் தங்களுக்குத் தெரியும். ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன். "சும்மாதானே நிக்கிற, ஒரு கை பிடி தம்பி" என்றார்கள், பிடித்தேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மதர்போர்டு, அதில் நூற்றுக்கணக்கில் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். இரண்டு மாதமாகக் கை பழக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த போர்டுகளைத்தான்.

அன்று மதியம் லேபில் எங்களுக்கு எஸ்.எம்.டி. பயிற்சி, அதாவது போர்டின் மேல்பரப்பிலேயே பற்றவைக்கிற குட்டிப் பாகங்களைக் கழற்றி மாட்டுவது. இருபத்து மூன்று பேருக்கு ஒரே போர்டு. ஏதோ டிவிடி பிளேயரிலிருந்து கழற்றியது. எங்களுக்கு முந்தைய இரண்டு பேட்சும் அதில்தான் கை பழகியிருக்கிறார்கள். பச்சை நிறம் போய் நடுவில் தோசைக்கல் மாதிரி கருத்துக் கிடக்கிறது. கழற்றி மாட்ட அதில் உருப்படியாக மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ரெசிஸ்டர். மேலே 103 என்று போட்டிருக்கும், பத்து கிலோ ஓம். நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8. அரிசி நொய்தான் கிட்டத்தட்ட. அதைச் சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் காட்டி ட்வீசரால் எடுக்க வேண்டும், பற்று நன்றாகப் பிடிக்க ஃபிளக்ஸ் பசை தடவித் திரும்ப உட்காரவைக்க வேண்டும், அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும்.

நான் பதினேழாவது ஆள். என் முறையில் ரெசிஸ்டரோடு சேர்ந்து அது உட்கார்ந்திருந்த செம்புப் பட்டையும் (பேடு) பெயர்ந்து வந்துவிட்டது. நான்தான் சூடு அதிகம் வைத்தேனா, பேடுக்கே அலுத்துப்போனதா, தெரியவில்லை. பதறியதில் அந்த 103 காற்றில் எங்கோ பறந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் செல்போன் டார்ச்சைப் போட்டு, தரையில் முட்டிபோட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லோருக்கும் செய்முறை முடிந்துவிட்டது.

சொந்தக் காசில் வாங்கலாமே என்று தோன்றலாம். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். செத்த லேப்டாப் போர்டு ஒன்றுக்கு இருநூற்றைம்பது கேட்டார்கள். "உள்ள தங்கம் இருக்கு தம்பி" என்றார் கடைக்காரர். பொய்யில்லை, கனெக்டர் முனைகளில் தங்க முலாம் உண்டுதான். ஆன்லைனில் விற்கும் பயிற்சி கிட்டோ ஒருமுறை பற்றவைத்தால் தீர்ந்தது. நிஜ போர்டு அப்படியல்ல. உள்ளே இருக்கும் செம்பு அடுக்குகள் வைக்கிற சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். லேபில் பற்றவைக்க நாம் வைத்திருக்கும் சால்டர் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவை, 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இப்போதைய போர்டுகளில் இருப்பது பெரும்பாலும் ஈயமில்லாத சால்டர், அது 217-ஐத் தாண்ட வேண்டும். அதன்மேல் நம் ஈய சால்டரைக் கொஞ்சம் கலந்து, உருகுநிலையை இறக்கிக் கழற்றுவது ஒரு வித்தை. படித்து வருகிற வித்தையில்லை அது. அதற்குத்தான் கேட்கிறோம், பத்தே பத்து போர்டு.

மின்னணுக் கழிவு விதி இருக்கிறது, மாணவர்களிடம் கொடுக்க முடியாது என்றது அலுவலகம். இருக்கிறது, சரி. 2022-இல் போட்டது, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவுபெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். (அந்தக் குட்டியானையில் வண்டி எண்ணைத் தவிர வேறு பதிவு எதுவும் என் கண்ணில் படவில்லை. அது என் வேலையில்லை, விடுங்கள்.) நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவா கேட்கிறோம்? லேபிலேயே பூட்டிவையுங்கள். எடை போட்டுக் கொடுத்து, பேட்ச் முடிந்ததும் எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து ரெசிஸ்டர் பறந்துபோனாலும் தராசு முள் அசையாது.

ஒரகடம், திருப்பெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து நேர்காணல் நடத்த வருகிறவர்கள் முதலில் கேட்பதே "ரீவொர்க் பண்ணியிருக்கியா?" என்றுதான், அதாவது போர்டில் பாகத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறாயா என்று. சீனியர் அண்ணன் ஒருவர் பண்ணியிருப்பதாகச் சொன்னாராம். எத்தனை என்று கேட்டதற்கு "ஒண்ணு சார்" என்றாராம். போன மாதம் ரிப்பன் வெட்டித் திறந்த ஸ்மார்ட் போர்டில் சால்டரிங் வீடியோ நன்றாகப் பெரிதாகத் தெரிகிறது. பசங்க போர்டு கேட்டார்கள், போர்டு வந்துவிட்டது என்று யாரோ கணக்கை முடித்துவிட்டார்களோ என்னவோ.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். ஹார்டுவேர் லேபில் இன்னும் ஒரு வரிசை கம்ப்யூட்டர்கள் கண்டத்துக்குக் காத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றிலிருந்து பத்து போர்டுகளை எங்கள் டிரேடுக்கு (தொழிற்பிரிவுக்கு) ஒதுக்கும்படி தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வண்டி வருவதற்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் ஐயா. கழற்றுவதற்கு ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிடுகிறோம். ஏற்றிவிடவும் நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் இரண்டாம் ஆண்டு மாணவன்
(103-ஐத் தொலைத்தவன்)