கக்கனைப் பற்றி ஐந்து நிமிடம் பேசப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். ஜூன் 18 கக்கன் பிறந்தநாளுக்கு உங்கள் பாசன அலுவலகத்தில் சின்னதாக ஒரு கூட்டம், மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை என்பதால் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். "எளிமையானவர், நேர்மையானவர், அவ்வளவுதானே அப்பா?" என்றும் கேட்டாய். அந்தக் கேள்வி ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் போனில் பதில் சொன்னால் சரிப்படாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கக்கன் என்றதும் யாரைக் கேட்டாலும் மதுரை அரசு மருத்துவமனைக் கதையைத்தான் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, சிகிச்சையில் இருந்த, மதுரை மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க வந்தார். பொது வார்டில் முன்னாள் அமைச்சர் கக்கன் இருக்கிறார் என்று தெரிந்ததும் பதறிப்போய் அவரையும் பார்த்தார். அப்புறம்தான் சிகிச்சைக்கும் மற்றதுக்கும் அரசு உதவி வந்தது. உண்மையான சம்பவம், சொல்ல வேண்டியதும்கூட. ஆனால் அதையே முதலும் முடிவுமாகச் சொல்லாதே தாயி. பத்து வருஷம் இந்த மாநிலத்தில் அமைச்சராக இருந்த மனுஷன் கடைசிக் காலத்தில் மருந்துக்கும் வாடகைக்கும் திண்டாடினார் என்றால், அதைக் கேட்டுக் கை தட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அது அவருக்குப் பெருமை என்பதைவிட நமக்குத் தலைகுனிவு. அவருடைய வறுமையைக் கொண்டாடிக் கொண்டாடி, அவர் பார்த்த வேலையை மறந்துவிட்டோம் என்பது என் எண்ணம்.

அந்த வேலையை நீ தினமும் கண்ணால் பார்க்கிறாய். 1957-ல் காமராசர் மந்திரிசபையில் அவர் பொதுப்பணித்துறைக்கு வந்தார். வைகை அணை வேலை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. முடிந்து திறந்தது 1959 ஜனவரியில், அவர் பொறுப்பில் இருந்தபோது. கிருஷ்ணகிரி, சாத்தனூர், மணிமுத்தாறு, அமராவதி அணைகளெல்லாம் அதே காலத்தை ஒட்டி முடிந்தவை. எல்லாம் அவர் ஒருவர் செய்தது என்று தூக்கிப் பேசாதே. திட்டம் போட்டவர்கள் வேறு, மண் சுமந்தவர்கள் வேறு. ஆனால் பணம் ஒதுக்குவது, பொறியாளரை விரட்டுவது, சட்டசபையில் எழுந்து பதில் சொல்வது என்று ஒரு மந்திரிக்கு உள்ள வேலையை அவர் ஒழுங்காகப் பார்த்தார். வைகை அணை 71 அடி நிறைகிறபோது, ஆற்றில் அதற்குக் கீழே உள்ள பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் இறங்கி, கள்ளந்திரி தாண்டி நம்ம ஒருபோகப் பாசனத்துக்கு வந்து சேர்கிறதே, அந்த வரிசையில் அவருக்கும் ஒரு கை உண்டு.

முறைத் தண்ணீர் வருகிற ராத்திரியில் உன் தாத்தா மண்வெட்டியோடு மடையில் உட்கார்ந்திருப்பார். அரிக்கேன் விளக்கைத் திரி இறக்கி வரப்பில் வைத்திருப்பார். தண்ணீர் வருவது கண்ணில் படும் முன்னால் அதன் சத்தம்தான் வரும். காய்ந்த வாய்க்காலில் கிடக்கும் சருகெல்லாம் சரசரவென்று நகரும். உடனே எழுந்து மடையை வெட்டிவிட்டு, மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கக்கன் தண்ணி வந்துருச்சுடா" என்பார். எனக்குச் சின்ன வயசு. கக்கன் என்பது ஏதோ ஊரின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் யார் வயலுக்குப் போனது? கக்கன் பிறந்தது 1908-ல், நம்ம தும்பைப்பட்டியில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில். அப்பா கிராமக் கோயில் பூசாரி. அந்தக் காலத்தில் அவர் தெருக்காரர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த வயலில் நாற்று நட்டது அவர்கள், பட்டா இருந்தது வேறு ஆட்கள் பெயரில். இது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும், ஊருக்கே பொதுவாகத் தண்ணீர் கொண்டுவரும் துறையையும், தன் மக்களுக்கான ஹரிஜன நலத்துறையையும் சேர்த்துப் பார்த்தார். இளவயதில் மேலூர்ப் பக்கத்துச் சேரிகளில் இரவுப் பள்ளி நடத்தியவருக்கு, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கத் தோன்றவில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பெரிதாகப் படுவது இதுதான். தன்னை ஒதுக்கி வைத்த ஊரின் வயலுக்கும் சேர்த்துத் தண்ணீர் விட ஒரு மனசு வேண்டும்.

1939 ஜூலை 8-ஐயும் சொல். மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு போனபோது உள்ளே நுழைந்த சிலரில் கக்கனும் ஒருவர். இன்றைக்கு நாம் தெற்குக் கோபுரம் வழியாகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நடந்து போகிறோம். அன்றைக்கு அந்த வாசற்படியில் கால் வைக்க உயிரைக் கையில் பிடிக்க வேண்டியிருந்தது. ஐயர் 1955-ல் காலமானபோது கக்கன் ஒரு மகனைப் போல மொட்டை அடித்துக்கொண்டு நின்றார் என்று மதுரையில் பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை, அரசியல் நிர்ணய சபையில் இடம், 1952-லிருந்து ஐந்து வருஷம் நாடாளுமன்றம் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடலாம், தேதி அடுக்கினால் கேட்பவர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது, சொல்லலாமா வேண்டாமா என்று நீ தயங்கப்போகும் விஷயம். 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது பக்தவத்சலம் முதலமைச்சர், கக்கன் உள்துறை அமைச்சர். சிதம்பரத்தில் மாணவன் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் செத்தான். மதுரை வடக்கு மாசி வீதியில் மாணவர்கள் மேல் தாக்குதல் நடந்தது. இன்னும் பல ஊர்களில் பல உயிர்கள் போயின. அந்த அரசில், அந்தத் துறையில் இருந்தவர் என்கிற முறையில் அவருக்கும் அதில் பொறுப்பு உண்டு. பிறந்தநாள் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்றால், பேசலாம் என்பேன். மறைத்துப் புகழ்ந்தால் அது போஸ்டர். மொழிக்காக உயிர் விட்டவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம், தண்ணீர் கொண்டுவந்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஒரு கடனைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது.

1967-ல் உன் தாத்தா காங்கிரசுக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டார். வீட்டில் அரிசி இல்லை, கடையில் கிடைக்கவும் இல்லை. ரூபாய்க்கு மூன்று படி என்று திமுக சொன்னது ஊர் ஊராகப் பேச்சாக இருந்தது. அந்தத் தேர்தலில் காமராசர் தோற்றார், கக்கனும் தோற்றார். அதற்குப் பிறகும் தாத்தா மடையில் நின்றுகொண்டு "கக்கன் தண்ணி" என்று சொல்வதை நிறுத்தவில்லை. அவருக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை, யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை. ஓட்டு என்பது நாளைக்கு யார் என்பதற்கு. செய்த வேலைக்கு நன்றி வேறு கணக்கு.

தோற்ற பிறகு கார் போனது, பங்களா போனது. வாடகை வீட்டுக்கு மாறினார், டவுன் பஸ்ஸில் ஏறினார். கிடைத்ததை ஒதுக்கி வைக்காதவருக்கு அது நடக்கத்தானே செய்யும்? மந்திரியாக இருந்தபோதே தன் தம்பிக்குக் கிடைக்கவிருந்த அரசு வேலையைத் தடுத்தவர் என்று ஒரு செய்தி உண்டு. அண்ணன் மந்திரி என்பதால் கிடைத்தது என்று நாலு பேர் பேசிவிடக் கூடாது என்பதற்காகவாம். அந்தத் தம்பியின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அது கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. தகுதி இருந்தால் அவரும் ஒரு குடிமகன்தானே. ஆனாலும் இன்றைக்கு ஒரு கவுன்சிலர் வீட்டு விசேஷத்துக்கு ரோட்டை அடைத்துப் பந்தல் போடுவதைப் பார்க்கும்போது, அந்தக் கடுமை இந்த நாட்டுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது என்றும் தோன்றுகிறது.

1981 டிசம்பரில் காலமானார். 1999-ல் அஞ்சல் தலை வந்தது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது, பஸ்ஸில் திருச்சிக்குப் போகும்போது நீயே பார்த்திருப்பாய். அடுத்த முறை வரும்போது நாம் இறங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம்.

பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு. மருத்துவமனைக் கதையைச் சொல்வதானால் பொது வார்டு என்பதோடு நிறுத்திக்கொள், கூட்டிச் சொல்லாதே. "கக்கன் தண்ணி"யைத் தாராளமாகச் சொல்லலாம், தாத்தா சந்தோஷப்படுவார். அப்புறம், கடைமடையில் ஷட்டர் பழுது என்று நாலைந்து பேர் மனு கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னாயே, அதைக் கூட்டத்துக்கு முன்பே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா. காலையிலேயே கிளம்பு, வெயில் ஏறினால் கரையில் நிற்க முடியாது.

அன்புடன்,
அப்பா